நீலத்தின்மேல் மட்டும்

சோலார் பேனல் விற்பவர்களில் நல்லவர்களும் இருக்கலாம். பெரிய டாக்டரின் அறையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து பேசியதைக் கேட்டபோது எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "பாலியா? அது கழிச்சுப் போட்ட துண்டுகள உருக்கிச் செய்யறது மேடம்" என்றார் மோனோ விற்பவர். "மோனோவும் அதே மண்ணுதாங்க, என்ன, கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்றார் பாலி விற்பவர். மூன்றாவதாக இருந்த அம்மாள், "வெயில் ஏறினா ரெண்டுமே சுருண்டு படுத்துக்கும், எங்க தின் ஃபிலிம் மட்டும்தான் நிக்கும்" என்றார். மூவர் சொன்னதிலும் பாதி நிஜம். அதுதான் எனக்குக் குமட்டியது. முழுப் பொய் சொல்கிறவனை எழுந்து போ என்று சொல்லிவிடலாம். பாதி நிஜம் சொல்கிறவனுக்குக் காபி கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீசியன். பத்தொன்பது வருஷமாக. எல்லோருக்கும் 'கரண்ட் அக்கா'. இருபத்திரண்டு படுக்கை, இரண்டாவது மாடியில் பச்சைக் குழந்தைகளுக்கான அறை, அதில் ஆறு சூடுபெட்டிகள். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கரண்ட் எந்த நேரத்திலும் போகும். ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்திருப்பதற்குள் குறைமாதக் குழந்தைகளின் கை கால் சில்லிட்டுப் போகும். அதற்காகத்தான் சோலார். ஆனால் மொட்டை மாடியில் இடம் இல்லை. தண்ணீர்த் தொட்டிகளும் லிஃப்ட் அறையும் போக மிஞ்சியது ஒரு கல்யாண மேடை அளவுதான். அந்த இடத்தில் எதைப் போட்டால் அதிகக் கரண்ட் வரும் என்பது மட்டுமே கேள்வி.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சிலிக்கானை ஒரே படிகமாக வளர்த்து அறுத்தால் மோனோ. கருப்பாக இருக்கும், விலை கூட, அதே இடத்தில் அதிகம் தரும். பல படிகங்களாக உறைய விட்டு அறுத்தால் பாலி. நீலமாக, உடைந்த கண்ணாடியைச் சேர்த்து ஒட்டியதுபோல் இருக்கும். விலை குறைவு, தருவதும் சற்றுக் குறைவு. கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சாகப் பூசினால் தின் ஃபிலிம். சூட்டுக்கு அவ்வளவாக அசராது, மேகமூட்டத்திலும் ரொம்பத் துவளாது, ஆனால் நிறைய இடம் கேட்கும். ஆஸ்பத்திரி ஆயாக்கள் அவற்றுக்குக் கருப்பு, நீலம், தாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"மருந்து மாதிரி சோதிச்சுப் பாத்துடுவோம்" என்றார் பெரிய டாக்டர். ஒரே அளவில் மூன்று பேனல்கள், ஒரே சாய்வில், மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி. இருபத்தொரு நாள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு என்று தினமும் மூன்று அளவு. அளவுகள் என் நோட்டில் மட்டும் இருக்க வேண்டும், முடியும்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது. விற்பவர்கள் மாடிப்படியே ஏறக்கூடாது. பேனலை யாரும் தொடக்கூடாது, துடைக்கவும் கூடாது. "இங்க யாரும் தினம் மாடியேறித் துடைக்கப் போறதில்ல. அழுக்கோட எது தாங்குதுன்னும் தெரியட்டும்" என்றார். மாடிச் சாவி என் இடுப்பை விட்டு நகரக்கூடாது.

"மேடம், அந்த மோனோக்காரர் என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்றேன்.

"உறவுன்னு ஒளிக்காம சொல்றியே, அது போதும். நீயே பாரு."

மாப்பிள்ளை அன்று அறையை விட்டுப் போன பிறகும் அவர் பூசியிருந்த சென்ட் போகவில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. விரலை நாக்கில் தொட்டுத்தான் காகிதத்தைப் புரட்டுவார். அப்படி எச்சில் பண்ணிப் புரட்டிய விலைப்பட்டியலைச் சிரித்துக்கொண்டே டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் அதை ஓரத்தில் பிடித்து வாங்கி, மேஜையில் வைத்து, விரல்களில் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு அது மூன்றாவது கம்பெனி. மாதக் கடைசிக்குள் இந்த ஆஸ்பத்திரியின் ஆர்டர் கையில் வராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தங்கை வந்து சொன்னாள். கண்ணைக் கசக்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. "உன் தர்மசங்கடம் எனக்குத் தெரியும்க்கா. நீ நேர்மையா பண்ணு" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஒருத்திக்காவது மானம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

சோதனை தொடங்கிய நாளிலிருந்து அவளே எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். பன்னிரண்டு மணி அளவை எழுதிவிட்டு மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் இருந்த என் சின்ன அறைக்கு வருவேன். அங்கே ஒரு மேஜை, ஒரு முக்காலி, பழைய ஸ்விட்ச் போர்டுகள். அவள் பையோடு உட்கார்ந்திருப்பாள். சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு ஒரு மாடி கீழே போய்க் கைகழுவி வருவேன். டாக்டர் சொன்ன விதியில் அது ஓட்டைதான். ஆனால் தங்கையின் முன்னால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கைகழுவப் போவதா? சாப்பிடும்போது என் பெருமையைப் பேசுவேன். எவனும் தொட முடியாது, துடைக்கக்கூட முடியாது, காக்கா எச்சம் விழுந்தால்கூட அப்படியே விட்டுவிடுவேன், அதுதான் விதி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அளவுகளை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு தடவை, "யாருக்கா முன்னாடி?" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முதல் வாரத்திலேயே விடை தெரிந்துவிட்டது. கருப்பு முதலில், நீலம் கொஞ்சம் பின்னால், தாள் தொலைவில். மேகம் போட்ட இரண்டு நாள் தாள் நன்றாக ஈடுகொடுத்தது, ஆனால் எங்கள் சின்ன மாடிக்கு அது காணாது. மாப்பிள்ளைக்குத்தான் அதிர்ஷ்டம் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த மனுஷனுக்கு நல்லது நடப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தங்கைக்கு நடப்பது பிடித்திருந்தது.

இரண்டாவது வாரம் புறாக்கள் வந்தன.

புறாவை அமைதிக்கு அடையாளமாக்கியவர் மொட்டை மாடியில் வேலை பார்த்தவராக இருக்க முடியாது. அசிங்கம் பிடித்த பறவை. முதல் நாள் நான்கு, மறுநாள் பதினைந்து, அதற்குப் பிறகு எண்ணவில்லை. கைப்பிடிச் சுவரில் நீலத்துக்கு நேர் மேலே வரிசை கட்டி உட்கார்ந்து, கழுத்தை உப்பிக்கொண்டு, பின்பக்கத்தைப் பேனல் பக்கம் காட்டி, வேலையை முடிக்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கண்ணாடியில் வழியும். விடியல் பனி அதைக் கரைத்துக் கீழே இழுத்துப்போய், அடிச் சட்டத்தின் விளிம்பில் கூழாகத் தேக்கும். பத்து மணி வெயிலில் அது வேகும். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீட்டரைப் பார்ப்பேன். அதில் இறகு ஒட்டிக்கொண்டிருக்கும், ஈ மொய்க்கும். ஒருநாள் என் நோட்டிலேயே சொட்டு விழுந்தது. பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண்கள் இருக்கின்றன. குச்சியால் வழித்துவிட்டு எழுதினேன். அன்று முழுவதும் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனலில் உள்ள கட்டங்கள் ஒன்றோடு ஒன்று கைகோர்த்து நிற்பவை. ஒரு கட்டம் மூடிப்போனால் அதன் வரிசையே உட்கார்ந்துவிடும். அடி வரிசை முழுவதும் எச்சம் மூடியதும் நீலத்தின் அளவு மடமடவென்று இறங்கியது. பதினான்காம் நாள் தாளுக்கும் கீழே போனது. கருப்பின்மேலும் தாளின்மேலும் ஒன்றிரண்டு புள்ளிகள்தான். நான் விதிப்படி தொடவில்லை, துடைக்கவில்லை. என் கட்டுப்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

பாலிக்காரர் ஒருநாள் கேட்டருகே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கசங்கிய சட்டை, கையில் சாப்பாட்டு டப்பா. "அம்மா, தப்பா நினைக்காதீங்க. எம் பேனல் பக்கம் மட்டும் புறா உக்காருதே?"

"அதுக்கு நீலம் பிடிக்கும்போல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சரிங்கம்மா" என்று போய்விட்டார். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம்போல் இருக்கிறது.

ஆனாலும் அவர் கேட்டது உறுத்தியது. அன்று முழங்காலிட்டுச் சுவரைப் பார்த்தேன். நீலத்துக்கு மேலே, சுவரின் வெடிப்புக்குள், தானியம். கொத்தாத முழுத் தானியம், ஒரு கைப்பிடி இருக்கும். காற்று கொண்டுவந்து வெடிப்புக்குள் வரிசையாக அடுக்கிவிட்டுப் போகாது. யாரோ போட்டிருக்கிறார்கள். பயன் யாருக்கு? முதலில் மாப்பிள்ளையைத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாட்ச்மேன் அவரைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. தின் ஃபிலிம் அம்மாள் யாருக்காவது கையில் ஏதாவது வைத்திருப்பாரோ? இரண்டு நாள் ஆயாக்களை எல்லாம் திருட்டுப் பார்வை பார்த்தேன். பாவம், ஒருத்தி அழுதேவிட்டாள்.

பதினேழாம் நாள் கீழ்மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. எதிரே வந்த ஆயா சொன்னதும், கைகழுவப் போனவள் பாதிப்படியிலேயே திரும்பினேன். என் அறையில் சாப்பாட்டுப் பை இருந்தது. தங்கை இல்லை. சாவிக்கொத்தும் இல்லை. மாடிக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

கதவிடுக்கில் பார்த்தேன். அவள் சுவரோரம் நின்று, முந்தானையில் மூக்கைப் பொத்தியபடி, ஒரு சின்ன டப்பாவைக் கவிழ்த்து வெடிப்புக்குள் தானியத்தை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு மணிகூடக் கருப்பின் பக்கம் போகாமல் பார்த்துச் செய்தாள். பிறகு, குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூப்பிடும் குரலில், "பா... பா... பா..." என்று அழைத்தாள். தண்ணீர்த் தொட்டியின்மேல் இருந்தவை தடதடவென்று இறங்கின.

அந்த டப்பா என் சாப்பாட்டுப் பையில்தான் வந்திருக்கிறது, தினமும், என் சோற்றோடு ஒட்டிக்கொண்டு. ஒன்பது பத்து நாளாக அந்தச் சோற்றை ருசித்துத் தின்றிருக்கிறேன்.

"என்னடி பண்ற?"

திடுக்கிட்டவள் சட்டென்று டப்பாவை மூடினாள். முகம் வெளுத்தது. ஆனால் பேச்சு வெளுக்கவில்லை. "புறாவுக்குத் தீனி போட்டேன். அது ஒரு தப்பா?"

"தினமும் போட்டியா?"

"நான் பேனலத் தொட்டேனா? விரல்கூடப் படல. தொடக்கூடாது, துடைக்கக்கூடாதுன்னுதானே உன் விதி? வாயில்லா ஜீவனுக்குப் போடக்கூடாதுன்னு எதுலயாவது எழுதியிருக்கா?"

அந்த விதியை அவளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தது நான். என் வாய்தான் அவளுக்கு வழி காட்டியிருக்கிறது. "கீழ இருக்கற ரூம்ல என்ன இருக்குன்னு தெரியுமாடி உனக்கு? ஒண்ணரைக் கிலோ, ஒண்ணே முக்கால் கிலோ இருக்கற குழந்தைங்க. அதுங்களுக்குக் கரண்ட் எதுல வரணும்னு பாக்கற இடத்துல பீயைக் கொண்டுவந்து பூசியிருக்க."

"எனக்கும் ரெண்டு குழந்தை இருக்குக்கா. நீலம் விலை கம்மி, ஆர்டர் அதுக்குத்தான் போயிடும்னு பயந்தேன். அவருக்கு வேலை போனா உன் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கணும். அத யோசிச்சியா?" அப்போதுதான் அழுதாள். "அவருக்கு இதெல்லாம் தெரியாது. நானாத்தான் செஞ்சேன்."

சாவியை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பினேன். சாப்பாட்டுப் பையையும் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளையின் போன்.

"அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளாத்தான் தானியத்த வாங்கினா. பொம்பளப் புத்தி, நீங்க பெருசு பண்ணாதீங்க."

நான் இன்னும் 'ஹலோ'கூடச் சொல்லவில்லை. தங்கை அதற்குள் அவரிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் அவரைக் காப்பாற்றத் தலையைக் கொடுத்தாள், இவரோ முதல் மூச்சிலேயே அவளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "எந்தக் கடையில வாங்கினா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "நம்ம தெருமுனைக் கடையிலதான், நான்தான்..." என்று வந்தவர் அப்படியே நிறுத்தினார். போனை வைத்துவிட்டுக் காதைத் துடைத்துக்கொண்டேன். நாக்கில் தொட்ட அந்த விரல் என் காதுக்குள் வந்ததுபோல் இருந்தது.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சாவியை மேஜையில் விட்டது என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். மூன்றையும் கழுவிவிட்டு மறுபடி ஒரு வாரம் பார்க்கச் சொன்னார். நானே கழுவினேன். காய்ந்த எச்சம் சிமெண்டுபோலப் பிடித்திருந்தது. வெந்நீர் ஊற்றி, ஊறவிட்டு, மரத்துண்டால் சுரண்டினேன். ஊற ஊற நாற்றம் புதிதாகக் கிளம்பியது. இரண்டு முறை ஓரமாகப் போய் ஓங்கரித்தேன். வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடைத்தேன். மறுநாள் புறாக்கள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று போய்விட்டன. அவற்றின்மேல் எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பசித்து வந்த ஜென்மங்கள்.

வார முடிவில் எண்கள் வந்தன. கருப்பு முதலில், நீலம் கொஞ்சம் பின்னால், தாள் தொலைவில். முதல் வாரம் என்னவோ அதேதான். ஒரு மணி தானியம் போடாமலே கருப்பு ஜெயித்திருக்கும்.

பாலிக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "கழுவின பிறகு கருப்பவிடக் கம்மிதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அது இருக்கட்டும். உங்க இடம் சின்னது, கருப்புதான் சரிப்படும். நானே அன்னிக்குச் சொல்லியிருக்கணும், சொன்னா யாரு எங்கிட்ட வாங்குவா?" என்றார். அந்த மாதம் முழுக்க நான் கேட்ட ஒரே சுத்தமான பேச்சு அது.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். யார், எப்போது, எப்படி, என் சாவி. டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கருப்புதான் நமக்கு, இல்லையா?"

"ஆமா மேடம்."

"அப்ப அவங்ககிட்டயே வாங்கிட்டா என்ன? சாமான் நல்ல சாமான்தானே. உன் தங்கச்சி பேரு இருக்கற பக்கத்த எடுத்துடலாம். எனக்கும் யார் குடும்பத்தையும் கெடுக்கணும்னு ஆசையில்ல."

ஒரு நொடி மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் தங்கை வீட்டில் அடுப்பெரியும், எனக்கு மறுபடி சாப்பாடு வரும். சாப்பாடு என்றதும் அந்தச் சின்ன டப்பா நினைவுக்கு வந்தது.

"மேடம், பேனல் இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்னு எழுதித் தர்றாங்க. அத்தனை வருஷமும் நமக்குப் பேனல் மட்டும் சொந்தமில்ல, வித்தவனும்தான் சொந்தம். ஒருநாள் மதியம் அது நின்னுச்சுன்னா இந்த மனுஷனத்தான் கூப்பிடணும். பெண்டாட்டிமேல பழியப் போட்டவன் நம்மமேல போட எவ்வளவு நேரமாகும்? கருப்பு வாங்குங்க. விக்கறவங்க இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அறிக்கையில் ஒரு பக்கமும் குறையாமல் கையெழுத்துப் போட்டார்.

வேறொரு கம்பெனி கருப்புப் பேனல்களைக் கொண்டுவந்து போட்டது. கரண்ட் போன முதல் மதியம் சூடுபெட்டிகளின் விளக்கு ஒரு இமைப்புகூட அசங்கவில்லை. நர்சுகள் கைதட்டினார்கள். மாப்பிள்ளைக்கு வேலை போனதும் அதே வாரம்தான்.

அந்த மதியமே தங்கை போன் பண்ணினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து அறையை விட்டு வெளியே வந்து எடுத்தேன். திட்டவில்லை. குரல் ரொம்ப நிதானமாக இருந்தது.

"கருப்புதான் போட்டிருக்காங்களாமே?"

"ஆமா."

"நான் தீனி போடலேன்னாலும் அதுதான் வந்திருக்குமா?"

"ஆமா. முதல் வாரமே அதுதான் முன்னாடி."

"முதல் வாரமே உனக்குத் தெரியுமா? தினம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியேக்கா. எல்லாத்தையும் சொன்னே. இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அங்க ஏறப்போறேன்?"

"சொல்லக்கூடாதுன்னு விதி" என்றேன். சொன்னது சரிதான். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.